பச்சைக் களிம்பு

"மாமா, மறுபடியும் பேட்டரி செல்லு ஒழுகிடுச்சு."

வெஸ்லின் தன் கேம் கன்ட்ரோலரைக் கொண்டுவந்து ஐசக்கின் மடியில் வைத்தான். பாயசம் தீர்ந்த பிறகு பந்தியில் உட்கார்ந்தவன் முகம் அவனுக்கு.

"நேத்துதான சுத்தம் பண்ணிக் குடுத்தன்?" என்றான் ஐசக்.

"அதேதான் மாமா நானும் கேக்கறன். பெனால்டி அடிக்கப் போறப்ப செத்துப்போச்சு. ஆன்லைன்ல எதிர்ல ஆடுனவன் அத்திப்பள்ளிக்காரன். கன்னடத்துல எனக்கு ஆறுதல் சொல்றான்."

பாலிடெக்னிக் படிப்பதற்காக மூக்கண்டப்பள்ளியில் அக்கா வீட்டோடு வந்து தங்கியவன் வெஸ்லின். படிப்பு எப்படிப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. விளையாட்டு எப்படிப் போகிறது என்று அவனே சொல்லிவிடுவான்.

அடுக்களையிலிருந்து அக்கா ரெனிட்டாவின் குரல் வந்தது. "குந்தாரப்பள்ளி சந்தையில மாடு வாங்கலாம், கோழி வாங்கலாம். செல்லு வாங்குனா ஒழுகத்தான் செய்யும். அந்தச் சனியனத் தூக்கி கெலவரப்பள்ளி டேம்ல போடுடா."

"நான் எப்பக்கா சந்தைக்குப் போனன்? நல்ல கடையில வாங்குன செல்லுக்கா இது."

ஐசக் எழுந்து கட்டிலுக்கடியிலிருந்து டூல் பாக்ஸை இழுத்தான். கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது வாங்கியது. கம்பெனி அவன் இருந்த உற்பத்தி லைனையே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டது. போகும்போது ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது, இனி நேரம் பார்த்து ஓட வேண்டிய அவசரமே இல்லாதவர்களுக்கு.

அன்று முதல் ஐசக் கடிகாரத்துக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். அழவில்லை, குடிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. என்ன கேட்டாலும் "ம்" என்பான். தட்டில் வைத்த சோறு ஓரம் காய்ந்து அப்படியே கிடக்கும். நடுவில் கடிகாரத்தின் செல்லை வெஸ்லின் கழற்றிக்கொண்டதில் அது பதினொன்றே காலில் நின்றுபோனது. ஐசக்குக்கு அதுவும் ஒத்துப்போயிற்று. கன்ட்ரோலர் பழுதாகி வரும் நாளில் மட்டும் நாற்காலியை விட்டு எழுவான்.

இப்போது தரையில் பேப்பரை விரித்து கன்ட்ரோலரின் மூடியைக் கழற்றினான். ஸ்பிரிங்கிலும் எதிர்த் தகட்டிலும் பச்சையாகக் களிம்பு ஏறி, ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தது.

"எலுமிச்சம்பழம் ஒண்ணு குடு ரெனிட்டா. அந்தப் பழைய டூத் பிரஷ்ஷும்."

கேட்டு முடிப்பதற்குள் இரண்டும் வந்தன. கூடவே ஒரு தட்டில் நாலு இட்லியும் வந்தது.

செல் ஒழுகிய இடத்தில் எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைக்கும். முதல் தடவை சோடா உடைத்த மாதிரி நுரைத்தது. இன்று சாறு பேசாமல் கிடந்தது. ஐசக்கும் அதே ஜாதிதான். பிரஷ்ஷால் தேய்த்தான். சொரசொரப்பான எமரி ஷீட்டைக் கிழித்துச் சுருட்டி ஸ்பிரிங்கின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு எடுத்தான். வலக்கை தேய்க்கும்போது இடக்கை இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தது.

"சட்னில தேங்கா கம்மி," என்றான் தலை நிமிராமல்.

ரெனிட்டா போகவில்லை. கதவில் சாய்ந்து நின்று அந்தக் குறையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுங்களா?"

"வை."

வெஸ்லின் பக்கத்தில் சம்மணம் போட்டான். "திம்மப்பண்ணன் வழியில புடிச்சிட்டாரு மாமா. 'ஏம்ப்பா, உங்க மாமன் உசுரோடதான் இருக்கானா'ன்னு கேக்கறாரு."

திம்மப்பன் ஐசக்கோடு அதே லைனில் இருந்தவன். கடிகாரத்தை வாங்கிய கையோடு போய் பஸ் ஸ்டாப் எதிரில் இன்வர்ட்டர் சர்வீஸ் கடை திறந்துவிட்டான்.

"நீ என்ன சொன்ன?"

"பேட்டரி வீக்கா இருக்குன்னேன்."

ஐசக்கின் உதட்டோரம் என்னவோ அசைந்தது. சிரிப்பென்று சத்தியம் செய்ய முடியாது.

"கடை வேலைக்கு நீங்க வருவீங்களான்னு இன்னைக்கு சாயந்தரம் வரைக்கும் பாப்பாராம். இல்லன்னா நாளைக்கு பாகலூர்ல இருந்து வேற ஆளு வருதாம். இதே வேலைதான மாமா, செல்லு மட்டும் கொஞ்சம் பெருசு."

"ம்," என்றான் ஐசக்.

அந்த ஓர் எழுத்தில் வீடு பழையபடி ஆகிவிட்டது. வெஸ்லின் தரையைப் பார்த்தான். ரெனிட்டா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஐசக் ஸ்பிரிங்கை நுனியில் பிடித்துச் சற்று வெளியே இழுத்துவிட்டான். கரண்ட் ஓடுகிறதா என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான், 'பீப்' என்றது. செல்களைப் போட்டு மூடியதும் பச்சை விளக்கு எரிந்தது.

"மாமான்னா மாமாதான்," என்று பிடுங்கிக்கொண்டு வெஸ்லின் மொட்டைமாடிக்கு ஓடினான். அத்திப்பள்ளிக்காரன் காத்துக்கொண்டிருந்தான்.

வழக்கமாக இந்த இடத்தில் டூல் பாக்ஸ் கட்டிலுக்கடிக்குப் போகும், ஐசக் நாற்காலிக்குப் போவான். இன்று டூல் பாக்ஸைத் தூக்கி வாசல் கதவோரம் வைத்தான். காலித் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தான்.

"நாளைக்கு டிபன் பாக்ஸ் கட்டிடு."

தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ரெனிட்டா குழாயை மூடினாள். திரும்பவில்லை. "எங்கங்க போறீங்க?"

"திம்மப்பன் கடைக்கு. சாயந்தரம் போய்ச் சொல்லிட்டு வந்துடறன்."

அவள் கையிலிருந்த டம்ளரை ஏற்கெனவே கழுவியதை மறந்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஐசக் தட்டைத் தொட்டியில் போட்டான். மேடையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் திறந்து கிடந்த உப்பு ஜாடியை மூடி, அவளுக்கு எட்டாத மேல் பலகையில் ஏற்றி வைத்தான்.

"இனிமே கன்ட்ரோலர்ல உப்புத்தண்ணி ஊத்தாத ரெனிட்டா, ஸ்பிரிங் தாங்காது."