போய்விட்டு வருகிறது

மின்வெட்டே இல்லாத மாநிலம் என்று அறிவித்த கையோடு, வீட்டுக்கு வீடு பேசும் மீட்டரை மாட்டிவிட்டார்கள். அது மட்டும் பேட்டரியில் ஓடியது. பாவாயி மறந்துபோய், "கரண்ட் போயிருச்சுங்க" என்று கணவரிடம் சொன்னால் போதும், உடனே திருத்தும்: "தவறு. மின்சாரம் போகவில்லை, போய்விட்டு வருகிறது."

"பாத்தியா புள்ள, ஊருக்குக் கிளம்புறவனாட்டம் நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போகுது" என்று செங்கோடன் சிரிப்பார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தும் அவருக்குக் கேலி மட்டும் குறையவில்லை.

அன்று மதியம் ஆக்சிஜன் மெஷின் நின்றது. பாவாயி முறத்தால் அவருக்கு வீசிக்கொண்டே, "கரண்ட் எப்பத்தான் வரும்?" என்று மீட்டரிடம் கத்தினாள்.

"வந்துகொண்டே இருக்கிறது."

வந்தது. மெஷின் ஓடியது. இழுப்பதற்குத்தான் அவரிடம் மூச்சில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரியின் தோளில் விழுந்து, "அவரு போயிட்டாருக்கா!" என்று பாவாயி கதறினாள்.

"தவறு" என்றது மீட்டர். "போகவில்லை, போய்விட்டு வருகிறார்."

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படியா சாமி? அப்ப வர்றப்ப, போகாத கரண்டையும் கையோட கூட்டிட்டு வரச் சொல்லு."