மூன்றாவது டேக்

கப்பலில் ஏறும் முன் பெட்டிகளில் கட்டச் சொல்லி கம்பெனிக்காரர்கள் அனுப்பிய டேக்குகளை என் மனைவி மேஜைமேல் பரப்பினாள். பெட்டி இரண்டு, டேக் மூன்று. மூன்றிலும் அவள் பெயர்தான் அச்சாகியிருந்தது.

“எதுக்கு வீணாக்கணும்?” என்று மிச்சமிருந்ததை என் மணிக்கட்டில் கட்டினாள். “நீங்களும் எனக்கு ஒரு லக்கேஜ்தானே!”

உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போகிறாள். சக்கரம் வைத்த பெட்டி அளவுக்குக்கூட நான் ஒத்துழைத்ததில்லை. இந்தப் பயணத்திலாவது அவள் பக்கத்தில் நின்று கடல் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன்.

துறைமுகத்தில் சுமை தூக்குபவர் இரண்டு பெட்டிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றினார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். என்னை இடுப்போடு தூக்கிப் பெட்டிகளின் மேல் படுக்கவைத்தார்.

“தம்பி, நான் ஆளுப்பா!” என்றேன்.

அவர் என் மனைவியிடம், “சரியா பூட்டினீங்களாம்மா? உள்ளேருந்து சத்தம் வருதே” என்றார்.

“அது எப்பவும் அப்படித்தான் தம்பி. கண்டுக்காதீங்க.”

விளையாடுகிறாள் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பயணச்சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சீட்டுதான் இருந்தது.

சரக்கு அறையின் கதவு திறந்தது. உள்ளே விளக்கில்லை.

“இதுல உடையுற பொருள் ஏதாச்சும் இருக்காம்மா?”

என் மனைவி கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாள்.

“இல்லப்பா,” என்றாள். “தாராளமா தூக்கிப் போடுங்க.”