கடைசிக் கோளின் திகதி

2024 செப்டெம்பர் 18, புதன்கிழமை, குண்டசாலை. காலை பத்து மணிக்கு ஷஹ்மா தன் கணவன் நபீலின் கணினியைத் திறந்தாள். நபீல் ஜூனில் மௌத்தாகியிருந்தான். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவில் அவள் இருந்தாள்.

அவன் விளையாடிவந்த விண்வெளி விளையாட்டுக்கு முடிவே கிடையாது. கோள் கோளாகப் போய்க்கொண்டே இருக்கலாம். "இதுக்கும் ஒரு முடிவு ஈக்கிது, கண்டுபுடிச்சிக் காட்டுறன்" என்பான் நபீல். அவனுக்காக அதைத் தேடிவிட நினைத்தாள்.

"இத்தாவுல இருந்துகொண்டு ரொக்கட் ஓட்டுறியா?" என்று அக்கா றம்லத் சிரித்தாள்.

"வீட்ட விட்டு எறங்கல்லயே, தாத்தா" என்றாள் ஷஹ்மா. அக்காவை அவள் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

பிற்பகலில் நபீலின் பயணப் பதிவில் கடைசிக் கோளைக் கண்டாள். "பயணம் முடிந்தது. வந்து சேர்ந்தவர்கள்: நபீல், ஷஹ்மா" என்றிருந்தது. அந்த விளையாட்டில் அவள் பெயரை யாரும் பதிந்ததில்லை. திகதி ஒக்டோபர் 17. அதுதான் இத்தா முடிந்து அவள் வெளியே போகவேண்டிய நாள்.

ஒக்டோபர் 17 காலை றம்லத் த்ரீவீலோடு வந்தாள். "அபாயாவப் போட்டுக்கொண்டு வா, டவுனுக்குப் போவம்."

"இண்டக்கி வேணாம் தாத்தா. நாளைக்கிப் போவம்."

நாள் முழுக்க ஷஹ்மா அறைக்குள்ளேயே இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மாலையில் பதிவைத் திறந்து பார்த்தாள். திகதி ஒக்டோபர் 18 என்றிருந்தது.

ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பதிவைத் திறக்கும்போதெல்லாம் திகதி மறுநாளாகவே இருக்கிறது. றம்லத் வெள்ளிக்கிழமைகளில் வந்து கூப்பிடுகிறாள். ஷஹ்மா இன்னும் வெளியே போகவில்லை.