அசையக் கூடாது

“வெள்ளைக்காரங்க சாப்பிடற இடத்துல கறுப்பிக்கு என்னடி வேலை? எந்திரி!”

வெர்லீன் அசையவில்லை. அவன் அவள் தலையில் தக்காளி சாஸைக் கொட்டினான். அப்போதும் அசையவில்லை.

“பெத்த பிள்ளையைக் காப்பாத்தத் துப்பில்லை, நியாயம் கேக்க வந்துட்டா!”

அவள் உதடு துடித்தது. கை மட்டும் ஓங்கவில்லை.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தேவாலயத்தின் நிலவறையில், உணவக மறியலுக்கான ஒத்திகை முடிந்தது.

“திருப்பி அடிக்காம தாங்கிட்டியேம்மா. நாளைக்குத் தைரியமா போ” என்றார் போதகர்.

மறுநாள் நிஜ உணவகத்தில் நிஜ வெள்ளைக்காரர்கள் அடித்தார்கள்; போலீஸ் அவளைத்தான் பிடித்துப் போனது. மூன்று நாள் கழித்துச் சிறையிலிருந்து வந்தவளின் வீங்கிய கன்னத்தைக் கணவன் ஆர்னெட் மெல்லத் தொட்டான்.

“ரொம்ப வலிச்சுதா?”

“இல்லை. எங்கே அடிச்சா எனக்கு வலிக்கும்னு அவங்களுக்குத் தெரியாதே, ஆர்னெட். ஒத்திகையில வெள்ளைக்காரனா நடிச்ச உனக்குத்தான் தெரிஞ்சிருந்தது.”