வற்றாத தண்ணீர்

"எப்பவும் பங்குனில வத்திருமே தம்பி?" நீர்த்தேக்கக் கரையில் நின்று மருமகன் சுமனிடம் கேட்டாள் மருதாயி.

கொழும்பிலிருந்து லீவில் வந்திருந்த சுமன் பெருமையோடு சொன்னான். "இனிமே லேசுல வத்தாது அத்தை. அங்க பெரிய பெரிய கட்டடத்துல பழைய ஏசி, பல்பையெல்லாம் எங்க கம்பெனியில மாத்திட்டோம். கரண்டு செலவு கொறஞ்சிருச்சு. கரண்டு எடுக்க அணையில முந்தி மாதிரி தண்ணி தொறக்க வேண்டியதில்லை."

"ஒரு வாரத்துக்கு மட்டும் அந்தப் பழசையே எரிய விட முடியாதா?"

சுமன் சிரித்தான். "எதுக்கு அத்தை?"

மருதாயி பையிலிருந்து ஒரு சின்னச் சட்டையையும் சூடத்தையும் எடுத்தாள்.

"அணை கட்டுனப்போ எங்க பழைய லயத்து வீடெல்லாம் முங்கிருச்சு. எங்க வீட்டுக்குப் பின்பக்கந்தான் என் மூத்த புள்ளைய பொதைச்சிருந்தோம். தண்ணி வத்துனாத்தான் நான் அங்க போக முடியும் தம்பி."