இறங்கணுமா, வேண்டாமா?

“மறுபடியும் வெர்லினா? இன்னைக்கு அந்த ஆளைப் பேச விடவே மாட்டேன்!”

போன் நம்பரைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே? சனிக்கிழமை தவறாமல் எங்கள் ஊர் ரேடியோவில் ‘போலீஸைக் கேளுங்க’ நிகழ்ச்சி. வண்டி ஓட்டுகிறவர்கள் போனில் சந்தேகம் கேட்பார்கள். சார்ஜென்ட் ஓஸ்ட்பி பதில் சொல்வார். நடத்துவது நான். உருப்படியான கேள்வியோடு நாலு பேர் காத்திருக்கும்போது இந்த வெர்லின் நடுவில் புகுந்து மானத்தை வாங்குவான்.

“ஸ்கூல் பஸ் நின்னா நானும் நிக்கணுமா?” இது ஒரு வாரம்.

“பனி மூடின கண்ணாடியில சின்னதா ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிட்டு ஓட்டலாமா?” இது அடுத்த வாரம்.

அமெரிக்காவில், இதே மினசோட்டாவிலேயே பிறந்து, முப்பது வருஷமாக இறைச்சி ஃபாக்டரிக்கு வான்கோழி லாரி ஓட்டுகிறவன் கேட்கிற கேள்வியா இது? இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சட்டங்கள்! காபிக் கடையில் அவன் தலையைக் கண்டாலே, “வெர்லின், சிவப்பு விளக்குன்னா என்னப்பா அர்த்தம்?” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கடையே சிரிக்கும். அவனும் கூடச் சிரித்து வைப்பான்.

“விடுங்க கிளாரிஸ், எடுங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருக்கும்” என்றார் ஓஸ்ட்பி.

எடுத்தேன்.

“சார்ஜென்ட், போலீஸ் வண்டி பின்னாடி விளக்கைப் போட்டு நிறுத்தினா, நான் இறங்கி உங்ககிட்ட நடந்து வரணுமா? இல்ல, உள்ளயே உக்காந்திருக்கணுமா?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இந்த ஊர்ல எந்த மடையன்யா இறங்கி வருவான்?”

ஆனால் ஓஸ்ட்பி சிரிக்கவில்லை.

“போன செவ்வாய்க்கிழமை ஒருத்தன் வந்தான் கிளாரிஸ். நிறுத்தினதும் விறுவிறுன்னு என்னைப் பார்த்து நடந்து வர்றான். ஒரு கை கோட்டுப் பையில. நான் துப்பாக்கியை எடுத்துட்டேன். பார்த்தா பையில இருந்தது லைசென்ஸ். இன்னும் ரெண்டு அடி வந்திருந்தா சுட்டிருப்பேன். திமிர் பிடிச்சவன், நல்லா திட்டி அனுப்பினேன்.”

“திமிர் இல்ல சார்ஜென்ட்” என்றான் வெர்லின்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“அவன் பேரு லிபான். சோமாலியாவுலேர்ந்து வந்தவன், எங்க ஃபாக்டரியிலதான் வேலை. அவன் ஊர்ல அதிகாரி நிறுத்தினா, அவரை நடக்க விட்டுட்டு நாம உக்காந்திருக்கிறதுதான் திமிராம். நாமளே ஓடிப் போய் லைசென்ஸை நீட்டணுமாம். உங்களுக்கு மரியாதை குடுக்கத்தான் வந்திருக்கான் சார்ஜென்ட்.”

ஓஸ்ட்பி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அன்னைலேர்ந்து வண்டியைத் தொட மாட்டேங்கிறான். நாலு மைல், இந்தப் பனியில, நடந்து வர்றான். இனிமே சாகுற வரைக்கும் ஓட்ட மாட்டேன்னு உக்காந்திருக்கான்.”

“அவரே எனக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?” என்றேன் நான்.

“எப்படிக் கேப்பாங்க கிளாரிஸ்? அவங்க பேசுற தினுசுல போலீஸைப் பத்திக் கேள்வி கேட்டா, இவன் என்னத்தைப் பண்ணிட்டு வந்து கேக்குறான்னுதானே ஊர் நினைக்கும்? இத்தனை வாரமா நான் கேட்டது எல்லாமே இங்க ஃபாக்டரியில வேலைக்கு வந்திருக்கிற வெளிநாட்டுக்காரங்க கேள்விதான். எனக்கென்ன? மடையன்னு பேரு. அவ்வளவுதானே?”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்த வார்த்தையைச் சொல்லி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

“இப்ப டீ இடைவேளை. கேன்டீன்ல அத்தனை பேரும் ரேடியோ கிட்டயே நிக்கிறாங்க. பதிலைச் சொல்லுங்க சார்ஜென்ட்.”

ஓஸ்ட்பி மைக்கை நெருங்கி உட்கார்ந்தார். “எல்லாரும் கேளுங்க. இறங்கவே இறங்காதீங்க. ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல இருக்கட்டும். நாங்க கேட்டப்புறம் லைசென்ஸை எடுத்தா போதும். நாங்க நடந்து வர்றோம், அதுல எங்க மரியாதை ஒண்ணும் குறைஞ்சு போகாது.” கொஞ்சம் நிறுத்தினார். “லிபான் பக்கத்துல இருக்காரா?”

“இருக்கான்.”

“அவர்கிட்ட போனைக் குடு.”

போன் கை மாறும் சத்தம் கேட்டது. யாரோ மூச்சு விடுவது கேட்டது.

“லிபான், நான்தான். அன்னைக்கு நடந்ததுக்கு என்னை மன்னிச்சிடுங்க. நீங்க என்ன நினைச்சு இறங்குனீங்கன்னு எனக்குத் தெரியல. என் ஸ்டேஷன்ல இருக்கிற பதினோரு பேருக்கும் தெரியாது. திங்கட்கிழமை வந்து எங்களுக்குச் சொல்லித் தர்றீங்களா?”

விளம்பரம் போட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, ஆனால் நான் எந்தப் பட்டனையும் தொடவில்லை.

பிறகு, புதுசாக ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

“வர்றேன் சார். ஸ்டேஷன்ல என் வண்டியை எங்க நிறுத்தணும்?”