கெதினின் 41,270

"கம்பத்துல கால வச்சே, கால ஒடிச்சிருவேன்!"

நெஸ்டா துடைப்பத்தோடு மின்கம்பத்தை மறித்துக்கொண்டு நின்றாள். ஐந்தடிகூட இல்லாத கிழவிதான். ஆனால் அந்தக் காலையில் வேல்ஸ் நாட்டு மலைகள் மொத்தமும் பயந்துபோய் அவள் முதுகுக்குப் பின்னால் பதுங்கியிருப்பதுபோல இருந்தது.

லைன்மேன் எம்லின் தொப்பியைக் கழற்றிக் கெஞ்சினான். "பெரியம்மா, கம்பம் உளுத்துப் போச்சு, மாத்தியே ஆகணும். ஒன்பதுக்கு கரண்ட்ட நிறுத்தினா மூணு மணிக்குக் குடுத்துருவோம். ஃப்ரிட்ஜத் திறக்காம இருந்தா பால்கூடக் கெடாது."

"பாலா? அதை உன் தலையில ஊத்துவேன். உள்ள கெதின் இருக்கான்டா!" என்றவள், பக்கத்தில் நின்ற கணவர் இத்வலை ஒரு பார்வை பார்த்தாள்.

எம்லின் மிரண்டுபோனான். அவர்களுடைய ஒரே மகன் கெதின் ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, பதினேழு வயதில், மலைவளைவில் மோட்டார் சைக்கிளோடு கல்சுவரில் மோதி இறந்தது ஊருக்கே தெரியும்.

"கம்ப்யூட்டரச் சொல்றாப்பா" என்றார் இத்வல், தரையைப் பார்த்தபடி.

அந்தப் பள்ளத்தாக்கு போர் விமானங்கள் தாழப் பறந்து பழகும் இடம். எவ்வளவு தாழ்வு என்றால், விமானி அன்று சவரம் செய்தாரா இல்லையா என்பதைத் தோட்டத்தில் இருந்தே சொல்லிவிடலாம். கோழிகள் பயத்தில் அவித்த முட்டையாகவே இட்டன. ஊர் முழுக்கத் திட்ட, கெதின் மட்டும் கூரைமேல் ஏறிக் கையாட்டுவான். ஆட்டுரோமம் வெட்டிச் சம்பாதித்த காசில் ஒரு கம்ப்யூட்டரும், அதே மாதிரி மலைகளுக்கு நடுவே ஜெட் ஓட்டும் விளையாட்டு கேசட்டும் வாங்கினான். எவ்வளவு தாழப் பறக்கிறோமோ அவ்வளவு புள்ளி.

இறந்த அன்று காலையில் அவன் எடுத்தது 41,270. பட்டியலில் முதல் வரி, பக்கத்தில் அவன் பெயர். அந்தக் காலத்து இயந்திரம், அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். அதனால் அதை யாரும் அணைக்கவே இல்லை.

தினமும் ஆடுகளைப் பார்த்துவிட்டு வந்ததும் இத்வல் மகன் அறைக்குப் போவார். கம்ப்யூட்டருக்குத் திரையாக இருந்த டிவியை மட்டும் போட்டு, "என்னடா, முழிச்சிட்டியா?" என்று அந்த முதல் வரியைக் கேட்டுவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். எண்பத்தைந்தில் டிவி கெட்டுப்போய் இரண்டு மாதம் இருட்டாகக் கிடந்தபோது மட்டும்தான் அது தடைப்பட்டது. ரிப்பேர்காரர் ஜப்பானுக்கு நடந்தே போய் உதிரிபாகம் வாங்கிவருகிறார்போல என்று அப்போது அவர் புலம்பாத நாள் இல்லை.

"வேணும்னா ஒரு ஜெனரேட்டர் கொண்டாரவா?" என்றான் எம்லின்.

"பிளக்கை மாத்துற அந்த ஒரு நொடியில போயிருமேடா, மடையா!"

தலைக்குமேல் ஒரு ஜெட் கிழித்துக்கொண்டு போனது. எம்லின் குனிந்தான், இத்வல் குனிந்தார், மலையே கொஞ்சம் குனிந்திருக்கும். நெஸ்டா அசையவில்லை.

ஒன்பதுக்கு இன்னும் பத்து நிமிடம். இத்வல் அவளைத் தோளைப் பிடித்து வேலியோரமாகக் கூட்டிப்போனார்.

"விட்டுரு நெஸ்டா. அந்த ஸ்கோர் அவனோடது இல்ல."

"என்னய்யா உளர்றே?"

"எண்பத்தேழு பனியில நீ உன் தங்கச்சி வீட்ல மூணு வாரம் மாட்டிக்கிட்டியே, அப்ப முதல் நாளே கரண்ட் போச்சு. கரண்ட் திரும்பி வந்தப்ப திரையில ஒண்ணுமே இல்ல. நீ வந்து பார்த்தா உன் உசுரு நிக்காதுன்னு பயந்துட்டேன். அவன் கேசட்டை எடுத்துப் போட்டு நானே விளையாடினேன்."

நெஸ்டா அவர் விரல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் கேரட் பருமன். ஒரு விரல் வைத்தால் நான்கு பொத்தான் அமுங்கும்.

"நீயா?"

"ஆயிரம் தடவை விழுந்தேன்டி. கடைசியில பறக்கக் கத்துக்கிட்டேன். ஆனா சரியா அந்த நம்பர்ல நிக்கணும்னா மலையில கொண்டுபோய் மோதணும். மூணு தடவை நம்பர் வந்துச்சு. மோதுறதுக்குக் கை வரல. அவன் உள்ள உக்காந்திருக்கிற மாதிரியே..." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாலாவது தடவை கண்ண மூடிக்கிட்டேன். அப்புறம் அவன் பேர அடிச்சேன். நாலு வருஷமா உன்னை ஏமாத்திட்டேன் நெஸ்டா."

துடைப்பம் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அறை விழும் என்று எதிர்பார்த்து இத்வல் கன்னத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தார்.

நெஸ்டா எம்லினைப் பார்த்துத் தலையசைத்தாள். "ஏறுப்பா."

வீட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜின் முனகல் நின்றது. ஜன்னலுக்குப் பின்னால் எல்லாம் இருண்டது.

"மூணு வாரமா ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள்.

"ம்."

"எனக்கு ரெண்டு மாசம் ஆச்சுய்யா" என்று அவர் கையைப் பற்றிக்கொண்டாள் நெஸ்டா. "எண்பத்தஞ்சுல டிவி ஒண்ணும் கெட்டுப்போகல, வேக்யூம் கிளீனர் போடுற அவசரத்துல நான்தான் அவன் பிளக்கைப் புடுங்கிட்டேன். காலையில அவன்கிட்டப் பேசிட்டு வர்றப்ப உன் முகத்துல ஒரு வெளிச்சம் இருக்கும் பாரு, அது போயிடக்கூடாதுன்னுதான் அன்னிக்கு விளையாடினேன், இன்னிக்கும் இந்தக் கம்பத்துகிட்ட வந்து நின்னேன்."